பூஜ்யம் காட்டிய குழாய்

1957 அக்டோபரில் மகள் மார்லினைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், லாடி ஸெலென்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் கிடந்த குழாய், மனிதர்களின் துக்கத்தை எண்ணத் தொடங்கியது. எங்கள் அயோவா சிட்டிப் பல்கலைக்கழகத்தின் நிலவறையில், செயற்கைக்கோளில் வைத்தனுப்பக் காஸ்மிக் கதிர்த் துகள்களை எண்ணும் கருவி செய்தவர்களில் லாடி ஒருவன். விரல் நீளக் குழாய்தான். துகள் ஒன்று நுழைந்தால் ஒரு 'டிக்'. சோதனையில் தேறாத ஒன்றை மகளுக்கு விளையாடக் கொடுத்திருந்தான். ஏழு வயதுப் பிள்ளையை மூளைக்காய்ச்சல் மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது.

குழாயை லாடியின் நெஞ்சருகே பிடித்தால் நிமிடத்துக்கு நாற்பது. பாதிரியாருக்கு ஆறு. துக்கம் கேட்கக் கொலாச்சி ரொட்டி சுட்டுக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்னெஸுக்கு இரண்டு. "என் முட்டிவலியையும் சேத்து எண்ணச் சொல்லு, இன்னும் நாலு கூடும்" என்று அவள் சமாளித்தாள். பெற்ற தாய் வெர்னாவுக்குப் பூஜ்யம். எங்கே பிடித்தாலும் பூஜ்யம். அடக்கத்தின்போதும் அவள் அழவில்லை என்பதை ஊரே பார்த்திருந்தது. இரண்டு மாதம் பொறுத்த லாடி ஒருநாள் வெடித்தான்.

"பெத்தவதானே நீ? ஒரு டிக்கூட இல்லையே! மனுஷியா, கல்லா?"

வெர்னா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "குழாயக் கேட்டே. என்னைக் கேட்டியா?"

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவன் குடும்பத்தையே கெடுத்தான்.

ஜனவரி முடிவில் செயற்கைக்கோள் மேலே போனது. தாழ்வில் ஒழுங்காக எண்ணிய கருவி, உயரே ஏறியதும் பூஜ்யம் காட்டியது. குழாய் செத்துவிட்டது என்றார்கள் சிலர். அங்கே துகளே கிடையாது என்றார்கள் வேறு சிலர். வசந்தத்தில் லாடியின் கூட்டாளி டேல், உபரிக் குழாய் ஒன்றை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் வைத்துக் கதிரைக் கூட்டிக்கொண்டே போனான். டிக்குகள் பெருகின, கொட்டின, சட்டென்று நின்றன.

"அங்க ஒண்ணும் இல்லாம இல்லடா லாடி. தாங்க முடியாத அளவுக்கு இருக்கு. ஒண்ணை எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து விழுந்தா, பாவம், அது எதைன்னு எண்ணும்?"

அடுத்த கருவிக்கு ஈயம் சுற்றலாம், பெரும்பகுதியைத் தடுத்தால் மீதியை எண்ணிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. லாடி பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. ஒரு துண்டு ஈயத்தகட்டை எடுத்துக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினான்.

வெர்னா கதவைத் திறந்தாள். அவன் கேட்டதும் குழாயை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, வாசற்படியில் நின்றாள். அவன் குழாயில் ஈயத்தகட்டைச் சுற்றி அவள் நெஞ்சருகே பிடித்தான். ஒரு சுற்று ஈயத்துக்குச் சத்தமில்லை. இரண்டு சுற்றுக்கும் இல்லை. மூன்றாவது சுற்றில் தொடங்கியது. ஆலங்கட்டி மழையென்று நினைத்து அக்னெஸ் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடினாள். லாடி படியிலேயே மண்டியிட்டு, வாய்விட்டு அழுதான்.

வெர்னா அவனைக் குனிந்து பார்த்தாள். "ரெண்டு மாசம் உன் பக்கத்துலதான் படுத்திருந்தேன் லாடி. தெரிஞ்சுக்க உனக்கு ஈயம் வேண்டியிருந்துச்சா?"

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வா. அதை மட்டும் வெளியில வெச்சுட்டு வா."

படியோரம் வைத்த குழாய் பதினோரு வருஷம் அங்கேயே டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் அதன்மேல் மட்டும் பனி நிற்கவில்லை. பால்காரர் பாட்டில்களை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.