ஹென்னியின் நாய்

பெரியவர் பெல்ஸ் தன் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். அறை கதகதப்பாகத்தான் இருந்தது. வாங்கி மாட்டுவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரோ கழுத்துப்பட்டியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்த ஊர்ல நான் கோட்டைக் கழட்டுறதில்லம்மா" என்றார். அது கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் மகள் எஸ்தெலா, விட்டுவிடுங்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பூமியின் தென்பாதியில் இருக்கும் மொந்தெவிதேயோவிலிருந்து இரண்டு விமானமும் ஒரு ரயிலும் மாறி வந்திருந்தார்கள். அங்கே வெயில் ஏறத் தொடங்கும் காலம். இங்கே நவம்பர் மூடுபனியில் துறைமுகத்துப் படகுகளின் பாய்மரங்கள்கூடத் தெரியவில்லை.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் சுவர்களில் தொங்கும் படங்கள் யார் யார் கைமாறி இங்கே வந்தன என்று தேடுவது என் வேலை. முக்கியமாக, நாஜிகள் காலத்தில் யூதக் குடும்பங்களிடமிருந்து பறிக்கப்பட்டவை எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் பாதி வழியில் நின்றுபோகும். விற்றவர் செத்திருப்பார், வாங்கியவர் செத்திருப்பார், மிச்சம் இருந்ததைக் குண்டு எரித்திருக்கும். பெல்ஸ் வீட்டுப் படம் அப்படி நின்றுவிடக் கூடாது என்று மூன்று வருடமாக அதன் தேடலைச் சுமந்துகொண்டிருந்தேன். சின்னப் படம். கடல் வற்றிய நேரத்தில் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் மீன்பிடிப் படகு, அதன் அடிப்பலகைக்குத் தார் பூசும் ஒரு பெண், மேலே பெரிய சாம்பல் வானம். உள்ளூர் ஓவியர் ஒருவர் வரைந்தது. போர் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு பல் மருத்துவரிடமிருந்து அருங்காட்சியகம் அதை வாங்கியது. அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்க தாத்தா எதுவும் சொன்னதில்ல" என்று அவருடைய பேரப்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெல்ஸின் அப்பா தானிய வியாபாரி. எட்டு வயதில் பெல்ஸை மற்ற யூதக் குழந்தைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அவரைவிட ஏழு வயது மூத்த அக்கா ஹென்னிக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு அப்பா, அம்மா, ஹென்னி மூவரையும் நாஜிகள் கிழக்கே வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் வீட்டுச் சாமான்களைத் துறைமுகக் கிடங்கில் ஏலம் போட்டபோது ஊரே வரிசையில் நின்றது. கட்டில், பாத்திரம், படுக்கை விரிப்பு, எல்லாம் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. பெல்ஸ் தன்னோடு எடுத்துப் போன ஒரே புகைப்படத்தில் ஹென்னி பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே ஒரு படச்சட்டத்தின் மூலை. மூலையில் செதுக்கிய இலையில் ஒன்று உடைந்திருக்கிறது. எங்கள் படத்தின் சட்டத்திலும் அதே இலை, அதே உடைசல். எனக்கு அது போதும். படத்தைத் திருப்பிக் கொடுக்க நகரசபை வக்கீலுக்கு அது போதவில்லை. "படச்சட்டத்தை மாத்தியிருக்கலாம். அந்த ஓவியர் இதே படகை நாலஞ்சு தடவை வரைஞ்சிருக்காரு. அந்த வீட்டுல பார்த்தவரு ஒருத்தர் உயிரோட இருக்காருல்ல, அவரு வந்து சொல்லட்டும்" என்றார். நியாயமான பேச்சுதான். அவர் எப்போதுமே நியாயமாகத்தான் பேசுவார்.

படத்தைக் காட்டுவதற்கு முன்னால் டீ கொடுத்தோம். அருங்காட்சியக இயக்குநர் ராய்மர்ஸ் தன் கையாலேயே ஊற்றினார். பெல்ஸ் கோப்பையில் கற்கண்டைப் போட்டு, டீ விழுந்ததும் அது விரிசல் விடும் சத்தத்துக்காகக் காதைச் சாய்த்தார். பாலேட்டை ஓரமாக வழியவிட்டார். எஸ்தெலா கரண்டியை எடுத்துக் கலக்கப் போனபோது, "கலக்காதே! கலக்கக் கூடாது!" என்று அதட்டினார். "எனக்கு அம்பத்தஞ்சு வயசாகுதுப்பா. இன்னிக்குத்தான் இதைச் சொல்றீங்க" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். ராய்மர்ஸ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எழுபது வருடம் கழித்தும், எங்கள் ஊர் டீயைக் கலக்கக் கூடாது என்பது நினைவிருக்கும் மனிதர். படமும் நினைவிருக்கும் என்று நம்பினேன்.

படம் பக்கத்து அறையில் மரத்தாங்கியில் இருந்தது. பெல்ஸ் அதற்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கக் கூடாது. எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, எதையும் சுட்டிக்காட்டக் கூடாது. அவர் சொல்வதுதான் சாட்சி. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவர் முகம் முதலில் இளகியது. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே படகின் வளைவை ஒருமுறை வரைந்தார். எஸ்தெலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விரல் படகின் நிழலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாய் எங்க?" என்றார்.

விரல் படகின் நிழலைச் சுட்டியது.

"இங்க ஒரு நாய் இருக்கும். பழுப்பு நாய். படகுக்குப் பின்னாடி. பெயர்கூட உண்டு, மோப்ஸ்." எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கடைசி வருஷம் மாடியைப் பிடுங்கிக்கிட்டு எங்களைக் கீழ இறக்கிட்டாங்க. படம் மாட்டியிருந்த முன்னறையிலதான் எல்லாரும் படுப்போம். எனக்குத் தூக்கம் வராது. தெருவுல சத்தம் போட்டுக்கிட்டுப் போவாங்க. ஹென்னி படத்தைக் காட்டி, மோப்ஸ் இன்னிக்கு என்ன பண்ணுச்சுன்னு சொல்லுவா. மீன் திருடுச்சு, மேயரோட செருப்பைத் தூக்கிட்டு ஓடுச்சு. ஒருநாள் விட்டதில்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்தெலாவுக்கும் புரிந்துவிட்டது என்பது அவள் விரல்கள் என் கையில் இறுகியதில் தெரிந்தது. முன்பு படத்தைச் சுத்தம் செய்தபோது எக்ஸ்ரே எடுத்திருந்தோம். படகுக்கு அடியில் சேறுதான். சேற்றுக்கு அடியில் வெறும் துணி. அங்கே யாரும் எந்த நாயையும் வரைந்து அழித்திருக்கவில்லை.

எஸ்தெலா அவர் அருகே முழங்காலிட்டாள். "அப்பா, இருட்டுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல. நீங்க பயப்படாம தூங்கணும்னு ஹென்னி அத்தை..."

"என்ன?"

"அத்தை கட்டின கதையா இருக்கலாம்ப்பா."

அவர் மகளை வெகுநேரம் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தாழ்ந்துதான் போயிற்று. "நான் பார்த்திருக்கேன்டி. வால் மட்டும் வெளிய தெரியும். ஹென்னி என்கிட்ட ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. கப்பல் ஏத்திவிடும்போது அழுதுக்கிட்டே, நாங்க பின்னாடி வர மாட்டோம், நீ தனியாத்தான் இருக்கணும்னு சொன்னா. அம்மா அவளை அறைஞ்சாங்க. மத்தவங்க எல்லாரும் வருவோம் வருவோம்னுதான் சொன்னாங்க. அவ ஒருத்திதான்..."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இது எங்களோடது இல்லம்மா. இதே ஆளு வரைஞ்சதுதான், சந்தேகமில்ல. ஆனா எங்களோடது வேற."

மூன்று வருடமாக நான் தேடிய பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் அக்கா உங்களைத் தூங்கவைக்க ஒரு நாயை உண்டாக்கினாள், ஐயா. அவளிடமிருந்து உங்களுக்கு மிஞ்சியது அதுதான். அதை விட்டுக்கொடுத்தால் இந்தப் படத்தைத் தருகிறேன். இதை எந்த மொழியில் சொல்ல முடியும்? நான் சொல்லவில்லை. சாட்சிக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது என்ற விதிக்குப் பயந்து சொல்லாமல் இருந்தேன் என்றால் அது உண்மையில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ராய்மர்ஸ் என்னிடம் கிசுகிசுத்தார். "சட்டத்தோட மூலை ஒத்துப்போகுது, எனக்கும் தெரியுது, கெசீனெ. ஆனா அவரே இல்லேங்குறாரே. இதை வெச்சுக்கிட்டு நான் வக்கீல்கிட்ட என்னன்னு போய் நிப்பேன்?" அவர் கண் கலங்கியிருந்தது. அதே சமயம், ஒரு பாரம் இறங்கிய தளர்ச்சியும் அவர் தோளில் தெரிந்தது. இரண்டும் உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

ரயில் நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். பெல்ஸ் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எஸ்தெலா வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நடைமேடையில் ரயில் நுழைந்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடி எதிர்பாராத அளவுக்கு உறுதியாக இருந்தது.

"நீங்க கெட்டிக்காரப் பொண்ணு. விடாம தேடுங்க. நாய் இருக்கிற படம் எங்கயோ ஒரு வீட்டுல இருக்கும். எனக்கு வயசு எண்பத்தொண்ணு. கொஞ்சம் சீக்கிரம் தேடுங்க, என்ன?"

அவருக்குப் பின்னால் எஸ்தெலா பயணப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அவள் தலையசைத்தாளா, வேண்டாம் என்றாளா, தெரியவில்லை.

"தேடுறேன், ஐயா" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் படம் சுவருக்குத் திரும்பியது. படங்களைச் சுவரில் மாட்டும் எங்கள் ஊழியர் ஹப்போ ஏணியில் ஏறி, சாய்வு பார்க்கச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தார். "அன்னிக்கு வந்த பெரியவரோட படமா இது?" என்றார். நான் ரசமட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி இடப்பக்கம் போயிற்று. ஹப்போ சட்டத்தை ஒரு மயிரிழை தட்டினார். வலப்பக்கம் போயிற்று. மறுபடி தட்டினார். "அங்கேர்ந்து பார்த்துச் சொல்லுங்க, நேரா இருக்கா?" என்றார். நான் பின்னால் இரண்டடி நகர்ந்தேன். குமிழி நடுக்கோட்டைத் தாண்டுவதும் திரும்புவதுமாக நடுங்கிக்கொண்டிருந்தது.