சாக்பீஸ் படாத பேண்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி ஊறவைக்கப் போனவள், வாளிக்குள் போடவேண்டிய பேண்ட்டைத் தூக்கிப் பிடித்தபடியே திரும்பி வந்தாள். அவன் அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தான்.

"ஏங்க, வியாழக்கிழமை வேலைக்குப் போனீங்களா, இல்ல எங்கயாவது படுத்துத் தூங்கிட்டு வந்தீங்களா?"

"ஏன்?"

"அன்னிக்குப் போட்டுட்டுப் போன பேண்ட்டு இது. கிரீஸ் இருக்கு, சாக்பீஸ் இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படி ஒரு பேண்ட்டை நான் துவைச்சதே இல்ல. வேற யாரோட பேண்ட்டையாவது மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களோன்னு பாத்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வாயில் போட்டதை மெல்லாமல் பேண்ட்டின் இடது தொடைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளைக் கறை அவர்கள் வீட்டில் வாராவாரம் நடக்கும் சண்டை. அவன் வெல்டர். இரும்புத் துண்டுகளை வெட்டி, அளவு பார்த்து நிறுத்தி, முதலில் இணைப்புக்கு ரெண்டு பொட்டு மட்டும் வெல்டிங் வைப்பார்கள். டேக் அடிப்பது என்பார்கள். பொட்டு வைத்த இரும்பு நிற்கும், தூக்கினாலும் வரும், பார்ப்பவனுக்கு வேலை முடிந்துவிட்டது போலவே இருக்கும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றிலும் முழுதாக வெல்டிங் செய்யவேண்டும். பொட்டோடு நிற்கும் இணைப்புக்குப் பக்கத்தில் அவன் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவான். முழு வெல்டிங் முடித்து, மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டு, குனிந்து பார்த்து, திருப்தியான பிறகு இடது கட்டைவிரலால் அந்தக் குறியை அழிப்பான். விரலைத் தொடையில் துடைத்துக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. தன் மறதியைத் தானே அறிந்தவன் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். இதனால் பட்டறையில் அவன் பெயரே பெருக்கல் ஆகிவிட்டது. சொந்தப் பெயரை மனைவியைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவளும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை.

வியாழக்கிழமை. மழலையர் பள்ளியின் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்தார்கள். நீளமான துண்டு முந்தின நாளே முடிந்துவிட்டது. படி திரும்புகிற இடத்துக்கான சின்னத் துண்டை வியாழக்கிழமை காலையில் பொட்டு வைத்து நிறுத்தினான். எல்லா இணைப்புக்கும் குறி போட்டான். முழு வெல்டிங்குக்கு வெல்டிங் ராடை எடுக்கும்போது போன் வந்தது. ஏதோ ஒரு கடையின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. சரக்கு உள்ளே, கடைக்காரர் வெளியே. போனவனுக்கு அன்றைய பொழுது கிரீஸிலேயே போயிற்று. சாயங்காலம் திரும்பியபோது சின்னத் துண்டு பிரைமர் அடித்துச் சாம்பல் நிறத்தில் சுவரில் சாய்ந்திருந்தது.

அடித்தவன் மின்னல், பட்டறையின் பெயிண்டர். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் நம் மேலும் பிரைமர் அடித்துவிடுவான் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். சும்மா நின்ற துண்டைப் பார்த்திருக்கிறான். தின்னரில் துணியை நனைத்து ஒரு துடை, குறிகள் போயின. இடுக்குகளில் பட்டி வைத்து இழுத்தான், இடைவெளிகளும் போயின. பெயிண்ட் ஏறிய இரும்பைப் பார்த்தால் வெல்டரின் மனது அது முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். பெருக்கலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். மறுநாள் கறுப்பு அடித்தார்கள், நேற்று கொண்டுபோய்ப் பொருத்தினார்கள், பள்ளிக்கூட மேடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நாளை அந்த மாடி வகுப்புகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"சாப்பிட்டுட்டுப் போங்களேன். பேண்ட்டு சுத்தமா இருக்குன்னு சொன்னதுக்கா இவ்வளவு கோவம்?"

"கோவம் இல்ல. உங்க அண்ணன் வீட்டுல இருப்பாரா?"

பட்டறை அவளுடைய அண்ணனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெள்ளைச் சட்டைதான் போடுவார். தனக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை என்று தெருவுக்குக் காட்டுகிற சட்டை. அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெருக்கல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். அவர் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

"விழுந்துடுமா மாப்ள?"

"இன்னிக்கு விழாது. பெரியவங்க பிடிச்சுட்டு இறங்கினா ஒண்ணும் ஆகாது. பசங்க சும்மா இறங்குவாங்களா மச்சான்? தொங்குவாங்க, ஆட்டுவாங்க. ஒரு பொட்டு விட்டாப் போதும், பாரம் பூரா பக்கத்துப் பொட்டு மேல போகும். அப்புறம் அது விடும்."

"அந்த மின்னல் பயலை..."

"அவனை அப்புறம் திட்டிக்கலாம். பாக்காம வண்டியில ஏத்தினது நான்."

மச்சான் கெட்டவர் இல்லை. பயந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னல் கம்பி, கதவு, கேட் எல்லாவற்றையும் யாரிடம் கொடுப்பது என்று மேடம் இந்த வாரம் முடிவு செய்யவேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பெரிய பட்டறைக்காரனும் கேட்டிருந்தான். அவனிடம் வளைக்கும் மெஷின், வெட்டும் மெஷின் எல்லாம் உண்டு. இவர்களிடம் இருப்பது இந்தக் கைப்பிடி ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் மேடம் மனது பாதி இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வேலை வந்தால் பட்டறை ஆளுக்கெல்லாம் ஒரு வருஷத்துக்குச் சோறு. வராவிட்டால் முதலில் யாரை வேலையை விட்டு நிற்கச் சொல்வது என்று மச்சான் இரண்டு மாதமாகவே தனக்குள் யோசித்துக்கொண்டிருந்தார். சொந்தத் தங்கை புருஷனை அப்படிச் சொல்லவும் முடியாது, மற்றவனைச் சொல்லிவிட்டு இவனை வைத்துக்கொள்ளவும் முடியாது.

"சரி, போய்ப் பண்ணிடுவோம்," என்றார். "ஆனா ஒண்ணு. பெயிண்ட் டச்சப்னு சொல்லிக்கலாம். மெஷினைச் சாக்குப் போட்டு மூடிக்க. பத்து நிமிஷம் ராடை ஓட்டு, கறுப்பைப் பூசு, கிளம்பு. வேலை சுத்தமா முடிஞ்சுடுமில்ல? அதை எதுக்குத் தண்டோரா போடணும்?"

வண்டியில் போகும்போது பெருக்கல் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான். மச்சான் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவனுக்குச் சுலபமாக இல்லை. சொல்லிவிட்டுச் செய்தாலும் சொல்லாமல் செய்தாலும் இரும்பு ஒரே மாதிரிதான் ஒட்டும். பிள்ளைகள் விழப்போவதில்லை, வேலையும் கைவிட்டுப் போகாது. ஆனால் சின்னத் துண்டில் எத்தனை இணைப்பு சுவரைப் பார்த்து இருக்கிறது, அதையெல்லாம் சுரண்டாமல் எப்படிப் பார்ப்பது? நீளமான துண்டில் எல்லாவற்றையும் முடித்தோமா? முடித்த ஞாபகம் இருக்கிறது. இந்தத் துண்டை முடித்த ஞாபகமும் காலைவரை இருந்ததே. டச்சப் என்று சொல்லிவிட்டு ஒரு படிக்கட்டு முழுவதையும் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. மேடம் பக்கத்தில் வந்தால் உடம்பால் மறைக்கவேண்டும், அவர் அந்தப் பக்கம் நகரும்போது ராடை ஓட்டவேண்டும். ஒளித்துச் செய்த வெல்டிங் நன்றாக வந்து அவன் பார்த்ததில்லை. கை நடுங்கினால் ராடும் நடுங்கும்.

பள்ளியில் மேடம் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவரில் காகித யானை ஒட்டிக்கொண்டிருந்தார். பேனா பிடிக்கும் கையிலெல்லாம் பசை.

"என்னங்க, ஞாயித்துக்கிழமையும் விடமாட்டீங்களா?"

மச்சான் முன்னால் போய் நின்று பல்லைக் காட்டினார். "சும்மா ஒரு பெயிண்ட் டச்சப் மேடம். ஒரு இடத்துல லேசா கீறிடுச்சு."

மேடம் அவர் தோளுக்கு மேலே பெருக்கலைப் பார்த்தார். அவன் தோளில் கிடந்த வயர் சுருளைப் பார்த்தார். கீழே சாக்கு போர்த்திய மெஷினைப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிக்க கரண்ட் எதுக்கு?"

யானையின் ஒரு காது பிரிந்து தொங்கியது.

"பெயிண்ட் இல்லைங்க மேடம்," என்றான் பெருக்கல். "மேல திரும்பற இடத்துல உள்ள துண்டு பொட்டோட நிக்குது. முழு வெல்டிங் பண்ண விட்டுட்டேன். பண்ணாமலே பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டோம்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நேத்துதானே நல்லா இருக்குன்னு சொன்னேன்?"

"பாத்தா நல்லாத்தான் இருக்கும் மேடம்."

"நாளைக்குப் பசங்க வராங்க. தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும். அதான் இன்னிக்கு வந்தோம்."

"மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்குன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம். ஒவ்வொண்ணா சுரண்டிக் காட்டறேன். நீங்களே பாருங்க."

அவர் கோபம் குறையவில்லை. குறையவேண்டும் என்று பெருக்கலும் எதிர்பார்க்கவில்லை. படியேறிப் போய், கீழே நீளத் துண்டில் ஓர் இணைப்பையும் மேலே சின்னத் துண்டில் ஓர் இணைப்பையும் பட்டி போகச் சுரண்டினான். கீழே கம்பி சேரும் இடத்தைச் சுற்றி இரும்பு கயிறு மாதிரி தடித்து ஓடியிருந்தது. மேலே ரெண்டு பொட்டு, நடுவில் மெல்லிய இடைவெளி. மேடம் குனிந்து அந்த இடைவெளியில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. நிமிர்ந்தார்.

குறி போடப் பாக்கெட்டில் கைவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, சாக்பீஸ் இல்லை. மேடமிடம் கேட்டான். அவர் வகுப்பறைக்குள் போய் ஒரு ரோஸ் கலர் சாக்பீஸோடு வந்தார்.

"வெள்ளை இல்லை. சின்னப் பசங்களுக்குக் கலர்தான்."

கறுப்புக் கைப்பிடி நெடுக ரோஸ் பெருக்கல் குறிகள் ஏறின. ஒன்றைச் சுரண்டுவான், காட்டுவான். முழுதாக இருந்தால் உடனே அழிப்பான், இல்லாவிட்டால் ராடு. "வெளிச்சத்தைப் பாக்காதீங்க மேடம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். அவர் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒளி அடங்கியதும் முதல் ஆளாகக் குனிந்தார். நீளத் துண்டு முழுதும் சரியாக இருந்தது. அது தெரிந்தபோதுதான் அவனுக்குக் காலையில் சாப்பிடாதது ஞாபகம் வந்தது.

கடைசி இணைப்பு சுவர் மூலையில், அடிப்பக்கம். அவன் வலது கை அங்கே போகவில்லை. படுத்துப் பார்த்தான், தலைகீழாகத் தொங்கிப் பார்த்தான். ராடு பிடிக்கும் ஹோல்டர் சுவரில் இடித்தது.

"தள்ளு," என்றார் மச்சான். அதுவரை வயரைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். இடது கைக்காரர்.

"மச்சான், ஹோல்டரைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு. பழக்கம் விட்டுப்போயிருக்கும்."

"கை போயிடுச்சா என்ன? குடு."

வெள்ளைச் சட்டையோடு படியில் மல்லாக்கப் படுத்தார். வயிறு கைப்பிடிக் கம்பியில் முட்டியது. மூச்சை உள்ளே இழுத்து நுழைந்தார். பொறி பறந்து சட்டையில் விழுந்தபோதும் கையை எடுக்கவில்லை. முனகினார், மின்னலின் பரம்பரையையே அழைத்தார், ஆனால் ராடு நகர்ந்த வேகம் மாறவில்லை. முடித்து எழுந்து உட்கார்ந்தபோது முகமெல்லாம் வியர்வை. பெருக்கல் கசடைத் தட்டிவிட்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"என்ன மச்சான், புழு ஊர்ந்த மாதிரி இருக்கு."

"புழுவா இருந்தா என்ன, பிடிச்சிருக்கா இல்லையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப அழி."

அழித்தான்.

மச்சான் போனை எடுத்து மின்னலைக் கூப்பிட்டார். "டேய், கறுப்பு டப்பாவோட ஸ்கூலுக்கு வா. மெதுவா வந்தாப் போதும். நான் சொல்றவரைக்கும் மூடியைத் திறந்தே, கையை ஒடிச்சுடுவேன்."

"நீங்க ரெண்டு பேரும் கீழ போய் நில்லுங்க," என்றார் மேடம்.

போனார்கள். அடிப்படியில் உட்கார்ந்தார்கள். மேலே மேடம் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி உலுக்கினார். ஒரு படி ஏறி அடுத்த கம்பியை உலுக்கினார். பிள்ளைகள் தொங்குவது போல உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கிப் பார்த்தார். இரும்பிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் வந்தது.

மச்சான் சட்டையில் விழுந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஜன்னல் வேலையைப் பத்திக் கேக்கட்டுமா?" என்றார்.

"இப்பவா?"

"சரி, விடு."

இருவரும் மேலே காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். செருப்புச் சத்தம் திருப்பத்தைத் தாண்டியது. பெருக்கல் கட்டைவிரலைப் பார்த்தான். நகக்கண் வரை ரோஸாக இருந்தது. தொடையில் அழுத்தித் துடைத்தான். அங்கே ஏற்கெனவே உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் அப்பியிருந்தது. அருகில் மச்சானின் வெள்ளைச் சட்டை முதுகிலும், எப்போது இவன் தாங்கித் தூக்கிவிட்டானோ, ஐந்து விரலும் ரோஸாகப் பதிந்திருந்தன. அவர் அதை இன்னும் பார்க்கவில்லை. மேலே மேடம் இன்னொரு கம்பியை உலுக்கினார்.