படிக்கட்டில் கை வைக்கக் கூடாது

எங்கள் வீட்டுப் படியைப் பார்க்க அக்கரையிலிருந்து ஆட்கள் கப்பல் ஏறி வருவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், சொன்னவனை ஏற இறங்கப் பார்த்திருப்பேன். துறைமுகத்துக்கு எதிரே, கீழே கிடங்கும் மேலே இரண்டு அறையுமாக இருக்கிற வீடு. படி செங்குத்து. ஒருத்தர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு பல்லியாய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வாரம் தவறாமல் பயிற்சிக்குக் கூட்டி வரவேண்டும், இல்லாவிட்டால் கால் இறுகிப்போகும், அப்புறம் நடக்கிற பேச்சே கிடையாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று துணியில் கிடத்தி மேலே ஏற்றியதற்கே அலறிவிட்டாள். வாரா வாரம் அந்தப் படியில் அவளை எப்படி இறக்குவது? இடித்துவிட்டு அகலமாக இரும்புப் படி போட வெல்டரிடம் பேசி வைத்தேன். அவர் அளவெடுக்க வந்த அன்று வாசலில் பலகை மாட்டியிருந்தது.

‘பழைய கடல் வணிகப் பாதை. இப்படிக்கட்டு அக்கரையில் உடைத்த கப்பலின் மரத்தால் ஆனது. மாலுமிகள் இதில் ஏறி மாடியில் தங்கினர். மாற்றம் செய்யத் தடை.’

எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் இது யார் வேலை என்று தெரிந்துவிட்டது. கிடங்குக்குப் பின்னால் இருக்கும் அறையில் என் மனைவியின் தம்பி குடியிருக்கிறான். தெருவே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். வாயை மூடினால் உயிர் போய்விடும் அவனுக்கு. நான் அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கிற பெண்ணொருத்தி கேமராவோடு வந்திருக்கிறாள்.

"என்னடா சொன்னே அந்தப் பொண்ணுகிட்ட?"

"பழசு ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு மாமா. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

"அதுக்குக் கப்பலையே தூக்கிக் குடுத்துட்டியா?"

"மரம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன பண்றது? எதுத்தாப்ல கடல் இருந்துச்சு. வாயில வந்துடுச்சு."

அது கோழிப்பண்ணை இடித்த மரம். என் அப்பா ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்தவன் நான். மழை பெய்தால் இன்றைக்கும் லேசாகக் கோழி நாற்றம் வரும்.

ரேடியோவை இழுத்துக்கொண்டு, பலகை மாட்டிய வணிகப் பாதை அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார். கத்துகிற அதிகாரியிடம் எப்படியாவது காரியம் நடக்கும். சிரிக்கிறவரிடம் டீதான் கிடைக்கும்.

"நான் புளுகிட்டேன் சார்" என்றான் ரேடியோ. "அது கோழிப்பண்ணை மரம்."

"உங்க கஷ்டம் புரியுது. படிய இடிக்கணும்னு இப்படிச் சொல்றீங்க" என்றார் அலுவலர். "ஆனா அக்கரைத் துறைமுகத்துலயும் இதே மாதிரி ஒரு படி இருக்குங்க. அதே அகலம், அதே சரிவு. ரெண்டுக்கும் ஒரே கப்பல் மரம்னு அங்க குடியிருக்கறவரே சொல்லியிருக்காரு. பாதை அங்க ஆரம்பிச்சு உங்க வீட்டுல முடியுது."

அங்கேயும் ஒரு ரேடியோ இருக்கிறான் என்று புரிந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் படி வழியாகத் தூக்கிப் பார்த்தோம். பாதியில் சிக்கிக்கொண்டது. வலியில் அவள் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடிவிட்டது. அப்புறம்தான் மாடியின் சரக்குக் கதவைத் திறந்தேன். தெருவைப் பார்த்த அந்தக் கதவுக்கு மேலே, வெளியே நீட்டிக்கொண்டு உத்தரமும் கப்பியும் இருக்கிறது. அதில் கயிறு போட்டு மூட்டை ஏற்றி இறக்கித்தான் என் காலம் போனது. நாற்காலியை நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டினேன்.

"மூட்டை மாதிரி இறக்கப் போறீங்களா என்னை?"

"மூட்டை வாய் பேசாது. நீ பேசுவே. அவ்வளவுதான் வித்தியாசம்."

சிரித்துவிட்டாள். மேலே ரேடியோ நாற்காலியைப் பிடித்துவிட, கீழே நானும் இரண்டு சுமைக்காரர்களும் கயிற்றை விட, பூ மாதிரி இறங்கினாள். அன்றைக்குப் பயிற்சியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு வைத்தாள். திரும்பி வரும்போது வண்டியில் வாய் ஓயாத பேச்சு.

அடுத்த வாரம் அவள் பாதி இறங்கியிருக்கும்போது பஸ் வந்து நின்றது. அக்கரைக் கப்பலில் வந்த கூட்டம். வழிகாட்டிப் பெண் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க, அந்தக் காலத்துல சரக்கு இறக்கின முறைய நமக்காகவே செஞ்சு காட்டுறாங்க!"

அத்தனை போனும் மேலே பார்த்தது.

"அது சரக்கு இல்லம்மா, என் பொண்டாட்டி!" என்று கத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு கையிலும் கயிறு. விரட்டவும் முடியாது, வேகமாக இறக்கவும் முடியாது. "ஒரு நிமிஷம் அப்படியே நிறுத்துங்க" என்றான் ஒருத்தன். அவள் மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தரையைத் தொட்டதும் துண்டை எடுக்காமலே சொன்னாள், "மேல ஏத்துங்க." ஏற்றினோம். அதற்கும் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் வேறு நேரம் கேட்டேன். காலியில்லை. பஸ்ஸைத் தள்ளி வரச் சொல்லி அலுவலரிடம் கேட்டேன். கப்பல் வருகிற நேரம் தன் கையில் இல்லையே என்று வருத்தப்பட்டார், டீ சொன்னார். வாரா வாரம் செய்து காட்ட முடியுமா, வந்தவர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றும் கேட்டார். எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் சீக்கிரமாகவே வெறும் நாற்காலியை இழுத்துச் சரக்குக் கதவு வரை ஏற்றிவிட்டோம். பஸ் வருவதற்குள் இறக்கிவிடலாம் என்று கணக்கு. உள்ளே அக்காளும் தம்பியும் பேசுவது கீழே கேட்டது.

"வாக்கா, மாமா கீழ நிக்கிறாரு. கூட்டம் இன்னும் வரல."

"வரும்டா."

"கால் இறுகிடும்டீ!" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

"இறுகட்டும். வீடு என்ன துறைமுகமா, நடந்து சுத்தறதுக்கு? தம்பி, கதவைச் சாத்து."

ரேடியோ எட்டிப் பார்த்தான். பேச ஒன்றுமில்லாத அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். "மாமா, சாத்தச் சொல்லுது."

"சாத்து" என்றேன்.

பஸ் தெருவுக்குள் திரும்பியது. கதவுக்கு வெளியே நாற்காலி தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கினதை அந்தரத்தில் விட்டுப் போகிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. எவன் தலையிலாவது விழும்.

"இன்னிக்குப் பாட்டி வரலையா தாத்தா?" என்றாள் வழிகாட்டிப் பெண்.

சுமைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தேன். வெறும் நாற்காலியை இறக்கினோம். படம் பிடித்துக்கொண்டார்கள்.