சகாயராணி வீட்டின் மூன்று தலைவாசல்கள்

சின்னமனூரை விட்டு மேகமலை ரோடு பிரியும் இடத்தில், ஒரு கோயிலும் ஒரு சர்ச்சும் ஒரு பள்ளிவாசலும் சேர்ந்து கட்டிய முதல் வீட்டில் தலைவாசல்கள் மூன்று இருந்தன. ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

வீடு சகாயராணிக்கு. மலை மேலே எஸ்டேட்டில் முப்பத்துநாலு வருடம் கொழுந்து பறித்தவள். ரிட்டையர் ஆனால் எஸ்டேட் தந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். தீபாவளி கழிந்த சனிக்கிழமைக்குள் சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். இப்படி மலையிறங்கி, வாடகை கட்டுப்படியாகாமல் அலைகிறவர்களுக்காகத்தான் மூன்று கமிட்டிகளும் ஒன்றுகூடின. சீமைக்கருவேலம் மண்டிக் குப்பைமேடாகக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, ஒன்பது சின்ன வீடுகள் கட்டுவதாக முடிவெடுத்தன. முதல் வீடு சகாயராணிக்கு. அடுத்தது, பொங்கலுக்கு ரிட்டையராகப் போகும் அவளுடைய லைன் பக்கத்துவீட்டுக்காரி மாயக்காளுக்கு.

கோயில் கமிட்டிக்கு ஈஸ்வரபாண்டி, சர்ச்சுக்குப் பெனடிக்ட் வாத்தியார், ஜமாத்துக்கு மைதீன்பிச்சை ராவுத்தர். மூவரிடமும் பொதுவாக ஒரு கெட்ட குணம் இருந்தது: மரியாதை. தலைவாசல் நிலையை யார் வைப்பது என்று பேச மட்டும் மூன்று கூட்டம் போட்டார்கள்.

"நீங்க வைங்க வாத்தியாரே."

"நான் எதுக்குங்க, ராவுத்தர் வைக்கட்டும்."

"மொதல்ல பாண்டி மாப்ள வைக்கட்டும். நம்ம அப்பறம் பாப்போம்."

'நிலை வைப்பது குறித்து அன்பாக விவாதிக்கப்பட்டது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, வடை தின்று கலைந்தார்கள்.

கோளாறு அதற்குப் பிறகுதான். 'மற்ற ரெண்டு பேரும் கூச்சப்படுகிறார்கள், நாமே செய்துவிடுவோம்' என்று மூவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை காலை, மஞ்சள் குங்குமம் வைத்த வேப்பமர நிலையை ஈஸ்வரபாண்டி கிழக்கே நிறுத்தினார். வியாழன் சாயங்காலம், வாத்தியார் பாதிரியாரைக் கூட்டிவந்து ஜெபம் செய்து வடக்கே ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, துவா ஓதி, ராவுத்தர் மேற்கே ஒன்று. ஏற்கெனவே நிற்கும் நிலையைக் காட்டி "இது என்னப்பா?" என்று கேட்டவர்களிடம் கொத்தனார் தவசி, "அது பொறவாசலுங்க" என்று சொல்லிவைத்தார். நிலை வைத்தால் கொத்தனாருக்கு வேட்டி துண்டு உண்டு. அந்த வாரம் அவருக்கு மூன்று செட் சேர்ந்தது. உண்மையைச் சொல்லி யார் மனதையும் புண்படுத்த அவருக்கு மனமில்லை.

இரண்டு மாதத்தில் சுவர் எழும்பிக் கூரையும் போட்டு, வீட்டு நம்பர் பலகையை எங்கே மாட்டுவது என்று கேட்டபோது, மூவரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள்.

பூஜை போட்ட நிலையைப் பிடுங்க முடியாது. ஜெபம் செய்ததையும் துவா ஓதியதையும் பிடுங்க முடியாது. "உங்களதே முன்வாசலா இருக்கட்டும், எங்களது பொறவாசலாவே கெடக்கட்டும்" என்று மூவரும் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்த வேகத்தில் மூன்று முகமும் கறுத்துப்போனது. முன்வாசல் எதுவென்று தெரியும்வரை இந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டாம், அடுத்த வீட்டு வேலையும் வேண்டாம் என்பதில் மட்டும் அபார ஒற்றுமை.

கெடு வைத்த சனிக்கிழமை காலை எஸ்டேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, கட்டில் பாத்திரத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினாள் சகாயராணி. துணைக்கு மாயக்காள். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டு கெணக்கால்ல இருக்கு. கட்டில எங்கன போடுறது? கொத்தனாரே, நான் ஒரு ஜன்னல்தான கேட்டேன்?"

லைன் வீட்டு ஜன்னல் வழியாக அவள் முப்பத்துநாலு வருடமும் பார்த்தது அடுத்த லைனின் சுவரைத்தான்.

"தெக்க மட்டுந்தான் ஆத்தா செவரு மிச்சம்" என்றார் தவசி. "அதுல கை வைக்க கமிட்டி சொல்லணும்."

"கமிட்டி பேசிக்கிறாகளா?"

"ரொம்ப மரியாதையாப் பேசாம இருக்காக."

பால் காய்ச்சாமல் குடியேற முடியாது. லைனுக்குத் திரும்பவும் முடியாது. ஜீப்பும் போய்விட்டது. கட்டில் வெயிலில் கிடப்பதைப் பார்த்து ஈஸ்வரபாண்டிக்கே ஒரு யோசனை வந்தது: பால் காய்ச்சட்டும், அது எந்தப் பக்கம் பொங்கி வழிகிறதோ அதுவே முன்வாசல். மற்ற இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பால் தன் பக்கம்தான் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மாயக்காள் காதைக் கடித்தாள். "அடியே, ஒருத்தரு பக்கம் பொங்குனா ரெண்டு பேரு வேட்டிய ஒதறிட்டுப் போயிருவாக. எம் வீடு கயிறு கட்டுன எடத்தோட நின்னுரும்."

"நீ பால மட்டும் ஊத்துடி."

சகாயராணி நடுவீட்டில் மூன்று செங்கலைக் கூட்டி அடுப்பு வைத்தாள். வடக்குப் பக்கத்துச் செங்கலுக்கு அடியில் ஒரு ஓட்டுச் சில்லைச் செருகினாள். மாயக்காளுக்கு அப்போதுதான் இருமல் வந்தது.

மூவரும் அவரவர் வாசலில் நின்றார்கள். பால் ஏறியது. விளிம்பில் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் பொங்கி, வாசலே இல்லாத தெற்குச் சுவரைப் பார்த்து வழிந்தது.



"தெக்கயா?" என்றார் ஈஸ்வரபாண்டி. "அது எமன் தெசையாச்சே ஆத்தா."

"எமனுக்கு மூணு வாசல் தொறந்து கெடக்குண்ணே. செவத்துலயா வரப்போறாரு?"

முதலில் சிரித்தது ராவுத்தர். வாத்தியார் மட்டும் விடவில்லை. "அப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"

"மூணுமே தலைவாசல்தான், எதையும் பொறவாசல்னு சொல்லக் கூடாதுன்னு அர்த்தம். தெக்க ஒரு ஜன்னல் வைக்கணும்னும் அர்த்தம்."

"அம்புட்டையும் பால் சொல்லுச்சா?"

"நல்ல பால் வாத்தியாரே."

மூவருக்கும் முகம் தெளிந்தது. தன் வாசல் ஜெயிக்காவிட்டாலும் தோற்கவில்லை. நம்பர் பலகை மூன்று எழுதுவது என்று அங்கேயே தீர்மானமானது. தவசி உளியை எடுத்தார்.

சாயங்காலம் தெற்குச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் மேகமலை தெரிந்தது. கட்டில் அதன் கீழே கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டிலில் சகாயராணியும் மாயக்காளும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். மலையைக் கீழே இருந்து, கூடை சுமக்காமல் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது.

வெளியே, இரண்டாவது வீட்டுக்குக் கயிறு கட்டிய இடத்தில் குரல் கேட்டது.

"நீங்க வைங்க வாத்தியாரே."

"நான் எதுக்குங்க, ராவுத்தர் வைக்கட்டும்."

தவசி கைகட்டி, மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மூணு வந்துரும் போலருக்கே" என்றாள் மாயக்காள்.

"வரட்டும். அந்தச் சில்ல பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

சகாயராணி டீச்சக்கையைக் கொட்ட எழுந்தாள். கிழக்கு வாசலைப் பார்த்தாள். பூஜை போட்டது. வடக்கு, மேற்கு. ம்ஹூம். திரும்பி வந்து கட்டிலில் முட்டி போட்டு, ஜன்னல் வழியாக வீசினாள்.