முப்பத்தோராம் நாளுக்கு முன்

என் உடுப்புகளைக் கிருஷாந்தான் அடுக்கினார். பிள்ளைப்பேறுக்குத் தாய்வீட்டுக்குப் போய், முப்பத்தோராம் நாள் பிறப்புத் தீட்டான துடக்குக் கழிந்து திரும்புகிறவளுக்கு ஒரு பெட்டி போதும். அவர் நான்கு பெட்டிகள் அடுக்கினார். கோடைச் சட்டைகள், கல்யாணச் சேலைகள், என் இரசாயனவியல் பட்டச் சான்றிதழ்கூட உள்ளே போனது. அது நவம்பர் மாதம்.

"சேலை என்னத்துக்கு?"

"முப்பத்தொண்டு அண்டைக்கு உடுக்க வேணுமெல்லே."

"இத்தனையுமோ?"

"மாமி எதை உடுக்கச் சொல்லுவாவோ, ஆருக்குத் தெரியும்? நீர் ஆறுதலா இரும்."

அவர் வெள்ளைக்காரரின் இராணுவத்தில் கோப்ரல். சட்டை மடித்தால் விளிம்புகள் பிசகாது. நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு பெருத்த பிறகு குனிய முடியவில்லை. நன்றியாகத்தான் இருந்தது.

நாங்கள் இருந்தது வூலிச்சில், இராணுவம் தந்த வீடு. மேலே இரண்டு அறைகள், பின்னால் ஈரமான ஒரு புல்தரை. வாடகை அவருடைய சம்பளத்தில் கழியும். வெளியே அந்தக் காசுக்கு ஓர் அறைகூடக் கிடையாது. சாவி வாங்கிய நாளில் அதிகாரி ஒருவர் நிபந்தனையைச் சொன்னார். கணவனும் மனைவியும் ஒரு குடும்பமாக இருக்கும்வரைதான் வீடு. பிரிந்து வாழ்ந்தால் கணவனுக்கு முகாமில் ஒற்றை அறை. மனைவி வெளியேற வேண்டும். புதுமணத் தம்பதி என்பதால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அந்த வீட்டைவிட எனக்கு வேறு வீடு இல்லை. தாய்வீடு என்று நாங்கள் சொன்னது நகரின் மறுபக்கம் செவன் கிங்ஸில் இருந்த சஞ்சயன் அண்ணையின் வீடு. அப்பா செத்த பிறகு அம்மா அங்கே ஒரு சின்ன அறையில் இருந்தார். எனக்காக அண்ணையின் மகனின் அறையை ஒழித்துத் தந்தார்கள். பெடியன் ஹோலில் படுத்தான். "முப்பத்தொண்டு வரைக்கும்தானே," என்று அண்ணி முதல் நாளே அவனுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

நான்கு பெட்டிகளையும் கிருஷாந் தனியே மேலே ஏற்றிவைத்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

"தங்கமான பிள்ளை," என்றார் அம்மா. "நீதான் ஒண்டும் கதைக்காமல் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிவாய். பாவம் அது."

இரண்டு நாள் கழித்து அவர் போன் எடுத்தார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார்.

"நீங்களோ?"

"ஏன், நான் போடக்கூடாதோ? பிள்ளைக்காக ஒரு நேத்தி. ஆனா துடக்கு வீட்டுக்கு நான் வரேலாது. பிறந்தாப் பிறகு கொஞ்ச நாளைக்குக் குறை நினையாதையும்."

கோயிலுக்குக் கூப்பிட்டால் காரிலேயே இருந்துவிடுகிறவர். அம்மா பெருமையில் அழாத குறை. அயலில் எல்லாருக்கும் சொன்னார்.

மகள் டிசம்பர் தொடக்கத்தில் பிறந்தாள். கிருஷாந் அப்போது வேல்ஸில் பயிற்சியில் இருந்தார், அப்படித்தான் சொன்னார். பிள்ளையை வீடியோவில் பார்த்தார். "வடிவு," என்றார். பின்னால் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அது எங்கள் வீட்டில் நான் சமைக்கும் குசினியின் கதவுச் சத்தம். ஈரத்தில் ஊதிப்போய் அடியில் உராயும். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

வீட்டின் ஹீற்றரை என் போனிலும் பார்க்கலாம். அவரே பூட்டிய கருவி. வெப்பநிலை ஒரு கோடாக ஓடும். ஆள் இல்லாத வீட்டில் அந்தக் கோடு விழுந்துகொண்டே போக வேண்டும். விழவில்லை. பகலில் ஏறியது, பின்னேரம் இறங்கியது, அடுத்த நாளும் ஏறியது.

"வீட்டில ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டேன்.

"ஆர் நிக்கிறது? பைப் உறையாம இருக்க அது தானா வேலை செய்யும்."

பைப் உறையாமல் இருக்க ஐந்து பாகை போதும். கோடு இருபத்திரண்டில் நின்றது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் போனைத் திறந்தபோது அந்த வீட்டைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

"அம்மா, நான் ஒருக்கா வூலிச்சுக்குப் போட்டு வரட்டோ?"

அம்மா எனக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தார். மிளகும் மல்லியும் உள்ளியும் மணத்தன. "விசரே உனக்கு? பச்சை உடம்பு. துடக்குக் கழியாமல் ஒரு படி தாண்டக்கூடாது. அங்க என்ன வைச்சிட்டு வந்தனி? எல்லாத்தையும்தான் அந்தப் பிள்ளை ஏத்திக்கொண்டு வந்து இறக்கினதே."

"அதுதான் அம்மா. எல்லாத்தையும் ஏன் இறக்கினவர்?"

"படிச்சு என்ன பிரயோசனம். ஒரு மனுசன் அக்கறையாச் செய்தால் அதுக்கும் கேள்வி."

ஒரு காலை, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுப் போன் அடித்தது. அம்மா ஆங்கிலத்தில் பேசினார். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய ஆங்கிலம். சுருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும்.

"ஓம், மகள் என்னோடதான் இருக்கிறா."

"ஓம், எல்லாச் சாமானும் கொண்டு வந்திட்டா."

"இல்லை. அவர் இங்கே வருவதில்லை. வரக்கூடாது."

கொஞ்ச நேரம் மறுபக்கம் பேசியது. பிறகு அம்மா சொன்னார்: "திரும்பிப் போக நாள் ஒன்றும் வைக்கவில்லை. இப்போது சொல்ல மாட்டோம்."

போனை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு மேலே வந்தார். "கிருஷாந்தின்ர காம்ப்பிலயிருந்து. ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை. உன்ர சுகம் விசாரிச்சவ. எவ்வளவு மரியாதை பார்."

"என்ன கேட்டவ?"

"நீ எங்க இருக்கிறாய், எப்ப போவாய். நாள் பாக்காமல் அதை வாயால சொல்லலாமோ? சொல்லேல்லை."

பிள்ளை பால் குடிப்பதை விட்டது. என் கைகள் இறுகியிருக்க வேண்டும்.

நான் கிருஷாந்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பின்னேரம் ஒரு செய்தி வந்தது. *சுகமா இரும். அவசரப்பட்டு ஒண்டும் செய்யாதையும்.*

அடுத்த நாள் மேரே கூப்பிட்டாள். வூலிச்சில் பக்கத்து வீட்டுக்காரி. ஃபிஜியைச் சேர்ந்தவள், அவள் கணவனும் கோப்ரல். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அன்று சிரிக்கவில்லை.

"சொல்லாமலே போகிறாயே," என்றாள். "நான் என்ன பிழை செய்தேன்?"

"நான் எங்கேயும் போகவில்லை மேரே."

"பிறகு ஏன் சாமான் ஏற்றும் வான் வந்தது? தொட்டிலையும் ஏற்றினார்கள். உன் சாமியாரும் கூட்டாளிகளும் ஏற்றி முடித்துவிட்டு மாட்டிறைச்சி பர்கர் தின்றார்கள். எங்கள் வேலிமேல் பர்கர்ப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்." அவள் நிறுத்தினாள். "நாளைக்கு வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் பரிசோதனை. நீ அவரை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று என் மனுசனிடம் சொல்லியிருக்கிறார்."

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"கேள்," என்றாள் மேரே. "என் தங்கைக்கு இது நடந்தது. பிரிந்துவிட்டோம் என்று அவன் பதிந்தால், வீட்டுக்குள் இருக்கும் மனைவிக்கு அவகாசம் கொடுத்துத்தான் வெளியே அனுப்பலாம். வீட்டுக்குள் யாருமே இல்லாவிட்டால் யாருக்கு அவகாசம் கொடுப்பது? அவன் சாவியைக் கொடுத்தால் முடிந்தது. நீ நாளைக்கு இங்கே இருக்க வேண்டும்."

காலையில் அண்ணை வேலைக்குப் போன பிறகு பிள்ளையைப் போர்த்து மார்போடு கட்டினேன். முப்பத்தொன்றுக்கு இன்னும் ஏழு நாள் கிடந்தது. அம்மா முன்கதவை மறித்து நின்றார்.

"நீ போறதெண்டால் போ. பிள்ளையை வைச்சிட்டுப் போ."

"பால் ஆர் குடுக்கிறது?"

"துடக்கோட பச்சைப் பிள்ளையை ரெயினில கொண்டு போவாயோ? ஊர் என்ன சொல்லும்?"

"வீடு போகப்போகுது அம்மா. நான் அவரை விட்டிட்டு வந்திட்டனாம். நீங்களும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறியள்."

"நானோ?"

அந்தப் பெண் கேட்டதையும் அவர் சொன்னதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். கடைசிப் பதிலுக்கு வந்தபோது கதவின் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் உள்ளதைத்தானே பிள்ளை சொன்னன்," என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

அவரும் வருகிறேன் என்றார். உடுத்து முடிக்க நான் காத்திருக்கவில்லை.

வைட்சப்பலில் ரெயின் மாறினேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி பிள்ளையின் வயதைக் கேட்டாள். சொன்னதும் என் முகத்தைப் பார்த்தாள். வூலிச்சில் இறங்கியபோது தையல் இழுத்தது. மழைத்தூறலில் மெதுவாக நடந்தேன்.

என் சாவி திரும்பியது.

வீடு சோப்பு நாறியது. கம்பளம் கழுவி இன்னும் ஈரம். சுவரில் எங்கள் கல்யாணப் படம் தொங்கிய ஆணித்துளையைக் கிருஷாந் வெள்ளைப் பூச்சால் அடைத்து, மட்டமாகத் தேய்த்திருந்தார். எங்கே துளை இருந்தது என்று தெரிந்த எனக்குக்கூடத் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. குசினிக் கதவின் அடியைச் சீவியிருந்தார். இப்போது சத்தமே இல்லை. நான் இங்கே இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. இரண்டு வருடம் அந்தக் கதவைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருந்தேன்.

ஈரக் கம்பளத்தில் இருக்க முடியாது. படியில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். கார் வந்து நின்றது. இரண்டு குரல்கள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

கிருஷாந் சீருடையில் இருந்தார். பக்கத்தில் மழை அங்கி போட்ட ஒரு பெண். அம்மாவோடு பேசியவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். கிருஷாந் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"மிஸிஸ் ஹார்க்கர்," என்று அவள் தன் பெயரைச் சொன்னாள். "நீங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக எனக்குச் சொல்லப்பட்டது. உங்கள் அம்மாவும் உறுதிப்படுத்தினார்."

எனக்கு அதிகாரிகளோடு பேச வராது. பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். "முதல் பிள்ளைக்கு நாங்கள் தாய்வீட்டுக்குப் போவோம். ஒரு மாதம் கழித்து நாள் பார்த்துத் திரும்பி வருவோம். நான் விட்டுப் போகவில்லை."

அவள் கிருஷாந்தைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"கோப்ரல், காரில் இருங்கள்," என்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இரண்டு வழிதான் இருக்கிறது," என்றாள் என்னிடம். "நீங்கள் பிரிந்து வாழ்கிறீர்கள் என்றால், இந்த வீட்டில் இன்னும் சில மாதங்கள் இருக்கலாம். பிறகு போக வேண்டும். வேறு வீடு கேட்டு உள்ளூர்க் கவுன்சிலோடு பேச உதவி செய்வேன். பிரியவில்லை என்றால் இந்தப் பரிசோதனையே தேவையில்லை. வீடு உங்கள் இருவருக்கும்."

சில மாதங்கள் என்றால் வசந்தம். பிள்ளை குப்புறத் திரும்பத் தொடங்கியிருப்பாள். கவுன்சில் வீட்டுக்கான நீண்ட வரிசையைப் பற்றி எனக்குத் தெரியும். அண்ணி ஹோலில் மகனின் மெத்தையை உதறும் விதமும் தெரியும்.

"பிரியவில்லை," என்றேன்.

"அவருக்குப் பயப்படுகிறீர்களா?"

யோசித்தேன். அவர் என்னை அடித்ததில்லை. சத்தம் போட்டதில்லை. பெட்டி அடுக்கினார், நேர்த்தி வைத்தார், துளையை அடைத்தார். எதைச் சொல்வது? நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவள் தேவைக்கு மேல் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். தன் எண்ணை என் போனில் பதியவைத்தாள். பிறகு கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள். "உங்கள் மனைவி, நீங்கள் பிரியவில்லை என்கிறார்."

கிருஷாந் தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் சிரித்தார்.

"அவ சொன்னால் சரிதான் மேடம். பிள்ளை பிறந்த பதற்றத்தில் நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன். இன்றைக்கே முகாம் அறையை விட்டுவிடுகிறேன். இங்கேயே வந்துவிடுகிறேன்."

மிஸிஸ் ஹார்க்கரின் தோள்கள் தளர்ந்தன. வாழ்த்துச் சொன்னாள். கார் போனது.

அம்மா இன்னும் வந்து சேரவில்லை. போன் என் பையில் நடுங்கியது. கிருஷாந் கையை நீட்டினார். நான் பிள்ளையைக் கொடுப்பதா போனைக் கொடுப்பதா என்று ஒரு கணம் தெரியாமல் நின்றேன். அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

"மாமி," என்றார் போனில், இனிமையாக. "ஓம், நான்தான். நீங்கள் அந்தரப்படாதேங்கோ. ஜதுர்ஷிகா வீட்டுக்கு வந்திட்டா. இனி நான் பாத்துக்கொள்ளுவன். நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை."

போனை நிறுத்தித் தன் சட்டைப்பையில் வைத்தார். மிஸிஸ் ஹார்க்கரின் எண்ணும் அதற்குள்தான் இருந்தது.

பிள்ளை அழத் தொடங்கினாள். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் அறைகளைக் காட்டப்போவதுபோல் மேலே ஏறினார். காலடிகள் என் தலைக்குமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயின. அவர் அவளோடு மெல்ல எதையோ கதைத்துக்கொண்டிருந்தார். சொற்கள் கேட்கவில்லை. நான் கோட்டைக் கழற்றாமல் முன்கதவருகே நின்றேன்.

"ஜது," என்று கூப்பிட்டார். "மேல வாரும்."

பிள்ளையின் அழுகை நின்றது.

நான் படியேறினேன்.