காளிச்சாமி கொடுத்த கை

தொண்ணூற்றொன்பதாம் வருசத்தில் கருமத்தம்பட்டியில் செல்போன் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் காளிச்சாமி. இருபத்துநாலு தறி ஓட்டுகிற முதலாளி. நல்ல மனுசர்தான், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவர் ஒருவருக்கு நடந்திருந்தால் கேட்கிறவர்களுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

அந்தப் போன் அரைச் செங்கல் கனம், தலையில் ஒரு கொம்பு வேறு. சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் என்று கையிலேயே வைத்திருந்தார். எதிரில் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அது கூப்பிட்டதும் காளிச்சாமி ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வாசலுக்கு எழுந்து போய்விடுவார். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. வெளியே வந்து அவினாசி ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். பேசி முடித்துத் திரும்பி வந்தால், விட்ட பேச்சு எது என்று அவருக்கு ஞாபகம் இருக்காது. வந்தவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது கூப்பிடாத நேரத்திலும், ஈனப்போகிற மாட்டைப் பார்ப்பதுபோல ஒரு கண் அதன்மேலேயே இருக்கும். மரியாதைக்காரச் சனம், முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போன பிறகு, "பெரிய ஆளாயிட்டாருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருசம்தான் அவர் மனைவி சாமியாத்தாள் படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் கட்டி. கோயமுத்தூரில் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். சாவுக்கு அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவள் மனசில் கிடந்து அறுத்ததெல்லாம் தம்பி வேலன்தான்.

வேலனுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். ஒன்பது வருசத்துக்கு முன்னால், சாமியாத்தாளின் மகன் மனோஜ்குமாருக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வேலன் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று காளிச்சாமி அவசரப்பட்டுத் தன் பங்காளி ஒருத்தர் மடியில் பையனை உட்கார வைத்துக் குத்தி முடித்துவிட்டார். வேலன் சீர்த்தட்டோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றபோது, பையன் அழுது ஓய்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தான். தட்டை அக்காள் கையில் கொடுத்துவிட்டு, இலையில் உட்காராமல் திரும்பிப் போனவர்தான். அதற்கப்புறம் போக்குவரத்தே இல்லை.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று சாமியாத்தாள் முதல் தடவை ஆரம்பித்தபோது போன் வந்தது. காளிச்சாமி விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அந்த உடம்பில் மிச்சம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"இப்ப அது கூப்புட்டாலும் நீங்க போகக் கூடாது. நா செத்தா என்ற தம்பி பொறந்த வூட்டுக் கோடிச் சேலை கொண்டுக்கிட்டு வருவானுங்க. எத்தன கோவமிருந்தாலும் வருவான். வந்து உங்ககிட்டக் கையை நீட்டுவானுங்க. ரெண்டு கையிலயும் வாங்கிப்போடுங்க. அதோட எல்லாம் தீந்துபோகும்."

"எதுக்கு இப்ப இந்தப் பேச்சு?"

"என்ற பையனுக்கு ஒரு மாமன் வேணுமுங்க. வேற ஒண்ணும் நாங் கேக்கல. வாங்கறனுன்னு சொல்லுங்க."

"வாங்கறேன். சத்தியமா வாங்கறேன்."

மனசாரத்தான் சொன்னார். அவருக்கும் அந்தக் காதுகுத்து உறுத்திக்கொண்டேதான் இருந்தது. தானாகப் போய்ப் பேச வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சீமையில் எழவு வீட்டுக்கு வருகிற ஆண்கள் யாரும் வாயால் துக்கம் கேட்பதில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள். துக்கக்காரர் தன் இரண்டு கையாலும் அதைத் தொட்டு வாங்க வேண்டும். ஒரு பேச்சும் இல்லாமல் எல்லாப் பேச்சும் அதிலேயே முடிந்துவிடும். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பார்கள். வெட்டுப்பழி குத்துப்பழி என்று நின்ற குடும்பங்கள்கூட, பந்தலில் கை கொடுத்து வாங்கிய பிறகு பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கின்றன.

ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் சாமியாத்தாள் செத்துப்போனாள். வாசலில் பந்தல் போட்டு, காளிச்சாமியும் மகனும் பங்காளிகளும் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று வெளியூர்ச் சொந்தமெல்லாம் செல்போனில் கூப்பிட்டுக் கேட்டபடி இருந்ததால், அதை அணைத்து வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மற்ற ஆட்கள் கை நீட்டியபோதெல்லாம் அவர் அதை மடியில் வைத்துவிட்டு, ஒழுங்காக இரண்டு கையாலும் வாங்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினோரு மணிக்கு வேலன் வந்தார். பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. சாமியாத்தாள் வாங்கிய சத்தியம் சனத்துக்கெல்லாம் தெரியும்; காளிச்சாமியின் தங்கை பாவாத்தாள் யாரிடமும் மறைக்கவில்லை. வேலன் கோடிச் சேலையை மனைவி வள்ளியாத்தாளிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராக மச்சான் முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

மடியில் போன் அலறியது.

காளிச்சாமி வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. ஆறு மாதப் பழக்கம் செய்தது. வலது கை அதை எடுத்துக் காதில் வைத்தது, கால் எழுந்தது, முகம் அவினாசி ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"அலோ. ஆமாங்க, சொல்லுங்க சீனிவாசலு."

சேலத்து நூல் ஏஜெண்ட். செய்தி கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார். "அம்மாவை நான் பார்த்தது இல்லீங்க, இருந்தாலும் மனசு கேக்கலைங்க" என்று அவர் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி காதில் விழவில்லை. "ஆமாங்க, காத்தால ஆறு மணிக்குங்க. கடைசீல பேச்சில்லீங்க" என்று பதில் சொல்லிக்கொண்டே காளிச்சாமி, எதிரில் யாரோ நிற்கிறார்கள் என்ற நினைப்பில் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

வெற்றிலைக் காம்பைக்கூட அந்த ஊரில் யாரும் இடது கையால் கொடுக்கமாட்டார்கள். வேலன் அந்தக் கையைப் பார்த்தார். காளிச்சாமியின் முதுகைப் பார்த்தார். நீட்டிய கைகளை மெதுவாக இழுத்துத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய், மனைவி கையிலிருந்த கோடியை வாங்கி அக்காள்மேல் போர்த்தி, அவள் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பெண்கள் புழங்குகிற வாசல் வழியாக வெளியேறி, வள்ளியாத்தாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

காளிச்சாமி பேசி முடித்துத் திரும்பினார். பந்தலில் ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை.

"மாப்ள எங்க?" என்று தங்கையிடம் கேட்டார்.

"போய்ட்டாருங்கண்ணா" என்றாள் பாவாத்தாள்.

"எதுக்குப் போகோணும்? நாந்தான் கை குடுத்தனே."

"எந்தக் கையைக் குடுத்தீங்க?"

காளிச்சாமி குனிந்து தன் கைகளைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. வலது கையில் போன் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கொடுத்தது எந்தக் கை என்று அவருக்கே தெரிந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி செத்ததற்கு அதுவரை அழாத மனுசர் அப்போது அழுதார். பார்த்தவர்கள் சாவுக்கு அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தனியாக அன்னூருக்குப் பஸ் ஏறினார். யாரையாவது துணைக்குக் கூட்டிப் போகச் சொல்லிப் பாவாத்தாள் கெஞ்சினாள். தப்புச் செய்தவன் தனியாகப் போவதுதான் முறை என்று சொல்லிவிட்டார்.

வேலன் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். "வாங்க. உக்காருங்க." வள்ளியாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மழையைப் பற்றி, சோளத்தட்டைப் பற்றி, மனோஜ்குமார் படிப்பைப் பற்றி எல்லாம் வேலன் கேட்டார். சொல்லுக்குச் சொல் 'ங்க' வந்தது. 'மச்சான்' மட்டும் வரவில்லை. காதுகுத்தன்று இலையில் உட்காராமல் திரும்பியபோதுகூட, "இது நல்லால்லீங்க மச்சான்" என்றுதான் சொல்லியிருந்தார்.

காளிச்சாமிக்குப் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

உள்ளே நின்றிருந்த வள்ளியாத்தாள், "அய்யோ சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் காளிச்சாமிக்குத் தான் செய்தது உறைத்தது. சாவு விழாத வீட்டில் வந்து நின்று சாவுக் கையை நீட்டிவிட்டார்.

"கையை எடுங்க" என்றார் வேலன். சத்தம் போடவில்லை. "இது எழவூடு இல்லீங்க."

"தப்புத்தான் மாப்ள. எனக்குப் புத்தி எங்க போச்சுன்னே தெரியல. அவளுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டேன்."

"தெரியுமுங்க. அக்கா எனக்கும் ஆள் உட்டிருந்தா. அவர் வாங்குவாரு, நீ நீட்டுன்னு. அதனாலதானுங்க ஒம்பது வருசத்தை மடிச்சு வெச்சுப்போட்டு வந்தேன்."

"இனி எப்ப மாப்ள?"

வேலன் தோள்துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"மறுக்கா எழவு உளுந்தாத்தானுங்க. நீங்க முந்துனா நா வாரேன். நா முந்துனா நீங்க வாங்க. வராம இருக்கக் கூடாதுங்க." பிறகு உள்ளே பார்த்து, "வள்ளியாத்தா, எலை போடு. சாப்புட்டுத்தான் போகோணும்" என்றார்.

காளிச்சாமி சாப்பிட்டார். மறுத்தால் அது இன்னொரு தப்பாகும். வேலன் பக்கத்திலேயே நின்று ரசம் போதுமா, மோர் போதுமா என்று கேட்டுக் கேட்டுக் கவனித்தார். பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

பஸ் நகர்ந்த பிறகுதான் வேலன் சொன்னதைக் காளிச்சாமி ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். தான் முந்தினால் வேலன் வந்து மனோஜ்குமாரிடம் கையை நீட்டுவார். வேலன் முந்தினால் தான் போய் அவர் மகனிடம் நீட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வேலன் கை இனி தன் கைக்கு வராது. சாமியாத்தாளுக்கு இருந்தது ஒரே ஒரு சாவு. அந்த நேரத்தை அவர் சீனிவாசலுவிடம் பேசியே கழித்துவிட்டார்.