புத்தம் புதுசுதான் வேணுமாம்

என் கடையில புதுச் சாமான் ஒண்ணுகூடக் கிடையாது. கம்பெனிக்காரன் செய்யறதை நிறுத்தி இருபது முப்பது வருஷம் ஆன, ஆலை மெஷினை ஓட்டற மின்னணுக் கார்டு, ரிலே, டைமர், இதெல்லாம்தான் விக்கிறேன். மூடின காகித ஆலை, கைமாறின சிமெண்ட் ஆலைன்னு தேடிப் போய்க் கழட்டிட்டு வந்து, தூசி துடைச்சு, மூணு நாள் மேஜையில ஓட்டிப் பாத்துட்டுத்தான் அலமாரியில வைப்பேன். சுரபாயாவுல இதை ஒழுங்காச் செய்யறவங்க நாலு பேர் இருந்தா அதிகம். அதுல பொம்பளை நான் ஒருத்திதான். பேரு மூர்த்தினிங்சி. எல்லாரும் இபு நிங்னு கூப்பிடுவாங்க. எங்க ஊர்ல இபுன்னா அம்மா, பாக்னா ஐயா.

பாக் காஸ்டி என்கிட்ட வந்தது நோன்பு மாசத்துல. ஒரு காபிகூடக் கொடுக்க முடியல. சிடோஆர்ஜோ பக்கத்துல ஒரு பழைய சர்க்கரை ஆலையில போர்மேன் அவர், இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். கொரோனாவுக்குப் போட்டிருந்த முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிட்டு, துண்டுல சுத்தியிருந்த ஒரு கார்டை மேஜை மேல வச்சார். பாதி கருகிப் போயிருந்தது.

"கொதிகலனுக்குத் தண்ணி விடற கார்டு இபு. இது இல்லேன்னா ஆவி இல்ல. ஆவி இல்லேன்னா ஆலை இல்ல."

"அரவை என்னைக்கு?"

"லெபரான் பெருநாள் முடிஞ்ச மறு வாரம். அரவைக்கு முன்னாடி நடத்தற கரும்புக் கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. அன்னைக்குக் கொதிகலன் தயாரா இருக்கும்னு என்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கு."

"யாரு எழுதி வாங்கினது?"

"கொள்முதல் மேலாளர். பாக் ஹென்டார்ட்டோ. ஜகார்த்தாவுல படிச்சவரு."

படிச்சவருன்னு அவர் சொன்ன மாதிரியிலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

அந்தக் கார்டு என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்தது. மோஜோகெர்தோவுல மூடின காகித ஆலையில கழட்டினது. மேஜையில ஓட்டிக் காட்டினேன், பச்சை விளக்கு எரிஞ்சது. மனுஷன் அந்தப் பச்சை விளக்கையே பாத்துக்கிட்டு நின்னார். கார்டுக்கு நடுவுல ஒரு சில்லு உண்டு. அதுக்கு முதுகுல சின்னதா ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். கார்டோட புத்தியெல்லாம் அதுக்குள்ளதான். வெளிச்சம் பட்டா மெல்ல மெல்ல அழியும், அதுவும் நீல விளக்கு வெளிச்சம்னா அரை மணியில மொத்தமும் போயிடும். அதனால அதுக்கு மேல கறுப்பா ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். என் கார்டுல அந்த ஒட்டுத்தாள் பழுப்பேறி, ஓரம் சுருண்டு, பாக்க அசிங்கமாத்தான் இருந்தது. அசிங்கமா இருந்தா என்ன, உசிரு அதுக்குக் கீழதான இருக்கு.

"பழசு, சோதிச்சது, மூணு மாசத்துக்கு நான் பொறுப்பு"ன்னு விலைப்பட்டியல் எழுதி ஆலைக்கு அனுப்பினேன். ரெண்டே நாள்ல ஹென்டார்ட்டோகிட்டேர்ந்து பதில் வந்தது. புத்தம் புதுசா இருக்கணுமாம். உற்பத்தியாளர் சான்றிதழ் வேணுமாம். மூணு கடையில விலை வாங்கணுமாம். அந்த உற்பத்தியாளர் அந்தச் சாமானை நிறுத்தினப்போ ஹென்டார்ட்டோ அரைக்கால் சட்டை போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பான். செத்தவன்கிட்ட நல்லா இருக்கேன்னு கடுதாசி வாங்கிட்டு வரச் சொல்றான். போன் பண்ணிச் சொல்லியும் பாத்தேன்.

"பாக், இந்தச் சாமான் உலகத்துல எங்கேயும் புதுசா இல்ல."

"தேடினா கிடைக்கும் இபு. உங்க கடையில இல்லேங்கறதுக்காக உலகத்துலயே இல்லேன்னு ஆயிடுமா?"

போனை வச்சுட்டேன். வச்சதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் திட்டிக்கிட்டே இருந்தேன், அலமாரிதான் கேட்டுச்சு.

மூணாம் நாள் யோப்பி வந்தான். கடை கிடையாது அவனுக்கு. ஒரு போனும் ஒரு அச்சு இயந்திரமும் வச்சுக்கிட்டு ஊரையே விக்கிறவன். பெட்டி அடிப்பான், சான்றிதழ் அடிப்பான், கேட்டா வானவில் மாதிரி மின்னுற முத்திரையும் அடிப்பான்.

"அந்தக் கார்டு உங்ககிட்டதான இபு இருக்கு? எனக்குக் கொடுங்க. ஆலைக்காரங்க என்கிட்ட புதுசு கேட்டிருக்காங்க."

"என் சாமானையே புதுசுன்னு விப்பியா? வெக்கமா இல்ல?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? உண்மையைச் சொன்ன உங்களைத் துரத்திவிட்டாங்க, பொய் சொல்றேன்னு என்னைக் கூப்பிடறாங்க. வெக்கம் அவங்களுக்குல்ல இருக்கணும்."

அவன் சொன்னது சரிதான், அதான் எனக்கு இன்னும் ஆத்திரம். போடான்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் பாக் காஸ்டி போன் பண்ணினார். "யார் கையால வந்தா என்ன இபு, சாமான் வந்தாப் போதும். நாள் நெருங்கிடுச்சு." மறுநாள் யோப்பியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "துடைக்காத, மெருகு போடாத, அந்த ஒட்டுத்தாள்ல கை வச்ச, கையை ஒடிச்சுடுவேன்"னேன். "எனக்குத் தெரியாதா இபு"ன்னான். கடைசி வரைக்கும் அவன் கை வைக்கவும் இல்ல. திருட்டுப்பயதான், ஆனா வேலை தெரிஞ்ச திருட்டுப்பய.

கார்டு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கேட்டதைப் போல நாலு மடங்கு விலைக்கு, பளபளன்னு ஒரு பெட்டிக்குள்ள. பாக் காஸ்டி போய்க் கேட்டாராம், ஒரு நாள் முன்னாடி மாட்டிப் பாத்துடறேன்னு. சாமான் வந்து சேர்ந்ததுன்னு எழுதற வரவேற்புத் தாள் முடியாம கொடுக்க முடியாதுன்னுட்டான் ஹென்டார்ட்டோ. வரவேற்புத் தாளாம். மாப்பிள்ளையா வந்திருக்கு, கார்டுதான வந்திருக்கு. கல்யாண நாள் காலையில ஏழு மணிக்குத்தான் அவர் கையில கொடுத்திருக்கான்.

எட்டு மணிக்கு எனக்குப் போன்.

"விளக்கு எரியல இபு. ஒரு விளக்குகூட எரியல."

"ஒட்டுத்தாள் இருக்கா பாருங்க."

"ஒட்டுத்தாளா? கண்ணாடிதான் தெரியுது."

புத்தி மொத்தமும் அழிஞ்சிருக்கும்னு புரிஞ்சுபோச்சு. ஆனா அந்தச் சில்லோட நகலை நான் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிருந்தேன், எல்லாத்துக்கும் எடுத்து வைப்பேன். காலிச் சில்லு ஒண்ணுல எழுதி, கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, காரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தப்போ ஆலை வாசல்ல கமேலான் மேளம் அடிச்சிட்டிருந்தாங்க. கரும்புல செஞ்ச பொண்ணையும் மாப்பிள்ளையையும் பட்டுச் சட்டை போட்டுப் பல்லக்குல தூக்கிட்டு வந்துட்டாங்க. மஞ்சச் சோத்துக் கோபுரம் மேஜை மேல ஆறிக்கிட்டிருந்தது. வெளிய லாரியில ரெண்டு நாள் முன்னால வெட்டின கரும்பு காத்துக்கிட்டு நிக்குது. நேரா கட்டுப்பாட்டு அறைக்குள்ள போனேன். ஆலைத் தலைவர் பாக் வாலுயோ நிக்கிறார். பக்கத்துல ஹென்டார்ட்டோ, கையில கோப்பு.

"பொருத்தும்போது காஸ்டி கார்டைக் கெடுத்துட்டார் பாக். நான் வாங்கினது புதுசு. படமே இருக்கு"ன்னு காட்டினான். நானும் எட்டிப் பாத்தேன். முதல் படத்துல ஒட்டுத்தாள் இருக்கு. ரெண்டாவதுல இல்ல. மூணாவதுல கார்டு நீல விளக்குப் பெட்டிக்குள்ள படுத்திருக்கு.

"இது என்ன பெட்டி?"ன்னு கேட்டேன்.

"கொரோனாக் கிருமி நீக்கற பெட்டி. வெளியிலேர்ந்து வர்ற எல்லாத்தையும் அரை மணி அதுல வைக்கிறது எங்க விதி."

"ஒட்டுத்தாளை யாரு எடுத்தது?"

"நான்தான். அழுக்கா ஏதோ தாள் ஒட்டியிருந்தது. புதுச் சாமான்ல அப்படி இருக்கலாமா? அறிக்கைப் படத்துல அசிங்கமா தெரிஞ்சது."

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. "கார்டோட மூளையைத் திறந்து, கழுவி, படமும் எடுத்து வச்சிருக்கீங்க பாக்"னேன். சில்லை மாத்தினேன். பச்சை விளக்கு எரிஞ்சது. பாக் காஸ்டி சுவத்துல சாஞ்சுட்டார்.

பாக் வாலுயோ என்னைப் பாத்தார். "இந்தச் சில்லு உங்ககிட்ட எப்படி இருந்தது?"

"கார்டே என்னோடதுதான் பாக். பழசு. புதுப்பெட்டிதான் புதுசு."

ஹென்டார்ட்டோவுக்கு முகம் வெளுத்தது. ஆனா படிச்சவன் இல்லையா, சட்டுன்னு ஒரு வழி கண்டுபிடிச்சுட்டான். "காஸ்டிக்கு இது தெரியுமான்னு கேளுங்க பாக்."

"தெரியும்"னார் பாக் காஸ்டி. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"பழைய சாமான்னு தெரிஞ்சும் மறைச்சிருக்கார்"னு சொல்லி, கோப்புக்குள்ளேர்ந்து ஒரு கடிதத்தை எடுத்தான். ஏற்கெனவே அடிச்சு வச்சிருந்த வேலைநீக்கக் கடிதம். காரணத்தை மட்டும் பேனாவுல மாத்தி எழுதினான். பாக் வாலுயோ வாசல்ல நின்ன விருந்தாளிகளைப் பாத்தார், கடிகாரத்தைப் பாத்தார், சரின்னு தலையை ஆட்டினார். பாக் காஸ்டி வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவனை நாலு அறை விடணும்போலவும் இருந்தது.

ஹென்டார்ட்டோ அடுத்த தாளை நீட்டினான். கொதிகலன்ல தீ போடறதுக்கு முன்னால பாதுகாப்பு சோதிச்சாச்சுன்னு அரசாங்கத்துக்குக் கொடுக்கற தாள். கொதிகலன் உரிமம் வச்சிருக்கறவர் கையெழுத்துப் போடணும். அந்த ஆலையில உரிமம் பாக் காஸ்டி ஒருத்தர்கிட்டதான் இருக்கு.

"இதுலயும் போட்டுடுங்க."

பாக் காஸ்டி பேனாவை மூடிப் பாக்கெட்டுல சொருகினார்.

"நான் வேலையில இல்லையே பாக். வெளியாள் கையெழுத்து எப்படிச் செல்லும்? தாள் சரியா இருக்கணும்னு நீங்கதான சொல்வீங்க?"

வெளிய கமேலான் முடிஞ்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. பாக் வாலுயோ கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கி, நாலாக் கிழிச்சார். "இப்ப போடுங்க பாக் காஸ்டி."

"போடறேன் பாக். இதுல ஒரு கட்டம் காலியா இருக்கு. பழுதுக்குக் காரணம்னு. அதை யாரு செஞ்சாங்களோ அவங்க கையாலதான் எழுதணும், விதி அப்படி."

ஹென்டார்ட்டோ தலைவரைப் பாத்தான். தலைவர் கடிகாரத்தைப் பாத்தார். அவன் குனிஞ்சு, ஒட்டுத்தாளை உரிச்சது நான், நீல விளக்குல வச்சது நான்னு எழுதினான். நல்ல கையெழுத்து. பாக் காஸ்டி ஒவ்வொரு எழுத்தா படிச்சுப் பாத்துட்டு, கீழ கையெழுத்துப் போட்டுட்டு, தீ போடப் போனார்.